கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறந்த பிள்ளைகள்

ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். 1924இல் திறக்கப்பட்டது. ஒரு பிள்ளை மலேசியப் பிள்ளையா இல்லையா என்பதை முடிவு செய்ய இந்த ஒரு கிலோமீட்டர் போதும். வெளிநாட்டவரை முறைப்படி மணந்த மலேசியப் பெண், ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையில் பிள்ளை பெற்றால் அது பிறக்கும்போதே மலேசியக் குடியுரிமையோடு பிறக்கிறது. அவளே அந்தப் பிள்ளையைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பெற்றால் அது அந்நியப் பிள்ளை. அவளுடைய அண்ணனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவன் வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டி, பிள்ளை சிங்கப்பூரிலோ திருச்சியிலோ லண்டனிலோ பிறந்தாலும், மலேசியத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பதிந்துவிட்டால் வேலை முடிந்தது. சுதந்திரம் வந்த 1957 தொடங்கி, நாடாளுமன்றம் 2024இல் நிறைவேற்றிய சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை நிலைமை இதுதான்.

இந்தப் பாகுபாட்டை எதிர்த்து மலேசியத் தாய்மார் ஒன்றுகூடியது, நாட்டின் அரசியல் ஆட்டம் கண்டிருந்த ஆண்டுகளில். பிரதமர்கள் மாறினார்கள், எல்லை மூடப்பட்டது, நாடாளுமன்றம் மாதக்கணக்கில் கூடவில்லை. அந்த நேரத்தில் இவர்கள் எப்படித் தாக்குப் பிடித்தார்கள், எதை வென்றார்கள், அந்த வெற்றிக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். தமிழர்களாகிய நமக்கு அதில் தனிப்பட்ட கணக்கு ஒன்று இருக்கிறது.

முதலில் சட்டம். கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமையைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘தகப்பன்’ என்று மட்டும் சொன்னது. தாயைச் சொல்லவில்லை. 1957இல் இதில் யாருக்கும் வியப்பு இருந்திருக்காது. பிரிட்டிஷ் சட்ட மரபிலிருந்து வந்த பல நாடுகளில் அன்று அதுதான் வழக்கம். பிறகு அந்த நாடுகள் ஒவ்வொன்றாக மாறின. இந்தியா 1992இல் மாற்றியது. இலங்கை 2003இல் மாற்றியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்கப்பூர் 2004இல் மாற்றியது. பிரிட்டிஷ் மரபில் வராத இந்தோனேசியாவும் 2006இல் மாற்றியது. அதாவது, 2004க்குப் பிறகு சிங்கப்பூர்ப் பெண் ஒருத்தி மலேசியரை மணந்து ஜொகூரில் பிள்ளை பெற்றால் தன் குடியுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஜொகூர்ப் பெண் சிங்கப்பூரில் பெற்றால் கொடுக்க முடியாது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரண்டு கரைகளில் இரண்டு நியாயம்.

மலேசிய அரசுக்கு இது தெரியாமல் நடந்ததல்ல. பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் மலேசியா 1995இல் சேர்ந்தபோது சில பிரிவுகளை ஏற்க மறுத்தது. அவற்றில் ஒன்று, பிள்ளைகளின் குடியுரிமையில் தாய்க்குச் சம உரிமை தரச் சொல்லும் 9ஆம் விதியின் இரண்டாம் பத்தி. 2001இல் அரசியலமைப்பின் 8(2) பிரிவில் ‘பாலினம்’ சேர்க்கப்பட்டு, ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று எழுதப்பட்டது. ஆனால் இரண்டாம் அட்டவணையை யாரும் தொடவில்லை. முன்வாசலில் கோலம் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தை அப்படியே விட்ட கதைதான்.

இதில் இன்னொரு விநோதமும் உண்டு. அதே அட்டவணையின் 17ஆம் பிரிவு, சட்டப்படி மணம் செய்யாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை விஷயத்தில், தகப்பன் என்று வரும் இடங்களில் தாய் என்று படித்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆக, ‘தகப்பன்’ என்பதைத் ‘தாய்’ என்று படிப்பது முடியாத காரியம் அல்ல. அரசியலமைப்பே ஓரிடத்தில் அப்படிப் படித்திருக்கிறது. முறையாகத் தாலி கட்டி, பதிவும் செய்து, தூதரகத்தில் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கும் பெண்ணுக்குத்தான் அந்தச் சலுகை இல்லை. இந்த 17ஆம் பிரிவு நம் தோட்டத்துத் தாய்மாருக்கு வேறு விதமாக வினையானது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஜொகூருக்கு இந்தச் சட்டம் மற்ற மாநிலங்களைவிட அதிகம் உறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1963 முதல் 1965 ஆகஸ்ட் 9 வரை பாலத்தின் இரு பக்கமும் ஒரே நாடு. குடிநுழைவுச் சோதனை வந்ததே 1967இல்தான். அதற்குள் அண்ணன் அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம் என்று குடும்பங்கள் பரவிவிட்டன. இன்றும் லட்சக்கணக்கானோர் நாள்தோறும் கடக்கும் பாதை அது. விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டும். தொழிற்சாலைச் சட்டையில் இருப்பவர்களுக்கு இடையில், சிங்கப்பூர்ப் பள்ளிச் சீருடையில் தூக்கம் கலையாத பிள்ளைகளும் கடப்பிதழை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். இப்படி வேலைக்கும் படிப்புக்கும் போகும் இடத்தில் காதலும் கல்யாணமும் வருவது இயல்பு. சிங்கப்பூர்த் தமிழரை மணந்தவர்கள் உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுக்காரரை மணந்தவர்களும் உண்டு. இரண்டாவது வகையில் பிறக்கும் பிள்ளைக்குச் சிங்கப்பூரும் குடியுரிமை தராது, ஏனென்றால் அங்கே மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது. அந்தப் பிள்ளை இந்தியக் கடப்பிதழோடு ஜொகூரில் பாட்டி வீட்டில் வளரும். பாட்டிக்கு அது பேத்தி. குடிநுழைவுத் துறைக்கு அது விசா முடியும் தேதி.

அப்படிப்பட்ட தாய் வீட்டில் ஒரு கோப்பு இருக்கும். பிளாஸ்டிக் உறைகள் வைத்த, வளையம் போட்ட கனமான கோப்பு. அவளுடைய பிறப்புப் பத்திரம், அவளுடைய தாய் தகப்பனின் ஐசி (அடையாள அட்டை) நகல், திருமணப் பதிவுச் சான்று, அது வேறு மொழியில் இருந்தால் அதன் மலாய் மொழிபெயர்ப்பு, கணவரின் கடப்பிதழில் ஒவ்வொரு பக்கத்தின் நகல், பிள்ளையின் பிறப்புச் சான்று, தேசியப் பதிவிலாகாவில் கொடுத்த விண்ணப்பத்தின் ரசீது, மாணவர் பாஸ் புதுப்பித்த கடிதங்கள். 15(2) பிரிவின் கீழ் 21 வயதுக்குள் விண்ணப்பிக்கலாம் என்பதுதான் தாய்மாருக்குச் சட்டம் விட்டிருந்த முக்கியச் சந்து. விண்ணப்பித்தால் ஆண்டுக்கணக்கில் பதில் வராது. வந்தால் பெரும்பாலும் இரண்டு வரிக் கடிதம்: நிராகரிக்கப்பட்டது. காரணம் இராது. அரசு தந்த கணக்கின்படி 2013 முதல் 2018 வரை வந்த 3,715 விண்ணப்பங்களில் ஏற்கப்பட்டவை 142. நூற்றுக்கு நான்குகூட இல்லை.

இதனால் வந்த விளைவுகள் பலவிதம். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருவது நம் வழக்கம். இந்தப் பெண்களுக்கோ அது சட்டக் கட்டாயம் ஆனது. மாதம் ஏறிய வயிற்றோடு, விமான நிறுவனம் கேட்கும் மருத்துவக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு பறந்து வந்தார்கள். வர முடியாத நிலையில் இருந்தவர்களுக்கும் குறைமாதத்தில் வலி கண்டவர்களுக்கும் பிள்ளை அந்நியமானது. மூத்தவன் மலேசியன், இளையவள் அந்நியர் என்று ஒரே வீட்டில் இரண்டு வகைப் பிள்ளைகள். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கான கட்டணம். பள்ளியில் சேர்க்க ஒவ்வோர் ஆண்டும் அலைச்சல். இதையெல்லாம்விடக் கொடியது ஒன்று உண்டு. வெளிநாட்டில் கணவனிடம் அடி உதை படும் பெண், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய்நாடு திரும்ப முடியவில்லை. பிள்ளைக்கு இங்கே தங்கும் உரிமை இல்லாததால், திரும்பினால் பிள்ளையை விட வேண்டும். பிள்ளை வேண்டுமென்றால் அடி வாங்க வேண்டும். இந்தத் துறையில் வேலை செய்யும் அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த உண்மை இது.

வெளிநாட்டு வாழ்க்கைத்துணைவர்களுக்கான ஆதரவுக் குழு ஒன்று, பினா ராமானந்த் ஒருங்கிணைப்பில், இந்தப் பிரச்சினைகளை முன்பிருந்தே கையாண்டு வந்தது. அதன் பக்கத்தில் வளர்ந்தது ‘ஃபேமிலி ஃபிரண்டியர்ஸ்’ என்ற பெயரில் அறியப்படும், சிலாங்கூர், கோலாலம்பூர் குடும்ப ஆதரவு, நல்வாழ்வுச் சங்கம். பின்னாளில் சட்டப் போராட்டத்தை முன்னெடுத்தது இந்தச் சங்கம்தான். இவற்றைச் சுற்றி உருவான தாய்மார் வட்டத்தைப் போராட்ட இயக்கம் என்பதைவிட, அனுபவத்தைப் பொதுவில் போட்டுத் தேவைப்பட்டவர் எடுத்துக்கொண்ட ஏற்பாடு என்பதே பொருத்தம். தோட்டத்திலும் தாமானிலும் நம் பெண்கள் பிடிக்கும் கூட்டு போலத்தான்: மாதா மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள், அவசரம் உள்ளவள் முதலில் எடுப்பாள். (கூட்டுக்கு 1971இல் தடைச் சட்டமே போட்டார்கள், அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘கூட்டு’ இருக்கிறது. பெண்கள் தமக்குள் நடத்தும் ஏற்பாடுகளை அரசு எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது.) எந்தப் பாரம் நிரப்புவது, எந்த நகலுக்குச் சத்தியப்பிரமாண ஆணையர் முத்திரை வேண்டும், நிராகரிப்புக் கடிதம் வந்தபின் மறுபடி எப்போது போடுவது, இரவு இரண்டு மணிக்கு அழுகை வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பவைதான் இந்தக் கூட்டில் புழங்கிய பணம்.

பிறகு 2020 வந்தது. பிப்ரவரி 24 அன்று பிரதமர் மகாதீர் பதவி விலகினார். ‘ஷெரட்டன் நகர்வு’ என்று பெயர் பெற்ற கட்சித் தாவலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி கவிழ்ந்தது. மார்ச் 1இல் ஜொகூர் பாகோ தொகுதிக்காரரான முகிதீன் யாசின் பிரதமரானார். கவிழ்ந்த ஆட்சியில் உள்துறை அமைச்சராக, அதாவது குடியுரிமைக் கோப்புகளுக்குப் பொறுப்பாளராக இருந்தவரும் அவர்தான். இரண்டரை வாரத்தில், மார்ச் 18 அன்று, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. முதல் நாள் இரவு கடற்பாலத்தில் மலேசியத் தொழிலாளர்கள் துணிமணிப் பையோடு சிங்கப்பூரை நோக்கி நடந்த காட்சியை ஜொகூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போனவர்களில் பலர் மாதக்கணக்கில் வீடு திரும்பவில்லை. ஆகஸ்ட் 17இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படிகூட, குறைந்தது 90 நாள் அங்கேயே இருந்தால்தான் விடுப்பில் வீடு வரலாம். பாலம் பழையபடி திறக்க 2022 ஏப்ரல் 1 ஆனது.

மலேசியக் குடிமக்களுக்கே இந்தக் கதி என்றால், அந்நியர் என்று எழுதப்பட்ட பிள்ளைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. தாய் உள்ளே வரலாம்; பிள்ளைக்குத் தனியே அனுமதி வாங்க வேண்டும். பிரசவத்துக்கு ஊர் வரத் திட்டமிட்டிருந்த கர்ப்பிணிகளுக்கு விமானம் இல்லை, எல்லையும் மூடியிருந்தது. ‘ஊரில் வந்து பெற்றுக்கொள்ளலாமே’ என்று அதிகாரிகள் சொல்லிவந்த பதில் ஒரே வாரத்தில் செல்லாக்காசானது. இதுவரை தனித்தனியே வரிசையில் நின்றவர்களுக்கு, எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கதவு சாத்தப்பட்டது. கைப்பேசிக் குழுக்களும் இணையக் கூட்டங்களும் நிரம்பின. லண்டனில் இருந்தவளும் ஜொகூரின் ஸ்கூடாயில் இருந்தவளும் ஒரே திரையில் உட்கார்ந்தார்கள்.

2020 டிசம்பரில் ஆறு தாய்மாரும் ஃபேமிலி ஃபிரண்டியர்ஸ் அமைப்பும் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அந்தக் காலகட்டத்தில் நீதிமன்றம் போவது பலருக்கு விபரீதமாகப் பட்டிருக்கும். யோசித்துப் பார்த்தால் வேறு வழி இருக்கவில்லை. மறு மாதமே, 2021 ஜனவரி 12 அன்று, அவசரகாலம் அறிவிக்கப்பட்டு நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. மனுக் கொடுக்க அவை இல்லை. ஊர்வலம் போகத் தெரு இல்லை. திறந்திருந்தது நீதிமன்றம் ஒன்றுதான். வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யும்படி அரசு கேட்டது. அவசரகாலத்தின் நடுவில், மே மாதம், உயர் நீதிமன்றம் அதற்கு மறுத்தது.

செப்டம்பர் 9 அன்று நீதிபதி அக்தார் தாகிர் தாய்மார் பக்கம் தீர்ப்பளித்தார். இரண்டாம் அட்டவணையைத் தனியே பிய்த்துப் படிக்கக் கூடாது, பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 8(2)உடன் சேர்த்துப் படிக்க வேண்டும், அப்படிப் படித்தால் தகப்பன் என்ற இடத்தில் தாயும் அடங்குவாள் என்பது அவர் முடிவு. சில நாட்களிலேயே அரசு மேல்முறையீடு செய்தது. அதற்குள் பிரதமரும் மாறியிருந்தார்: முகிதீன் போய் இஸ்மாயில் சப்ரி. இரட்டைக் குடியுரிமை வந்துவிடும், நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு என்றெல்லாம் அரசுத் தரப்பில் பேசினார்கள். தகப்பன் வழியாக வராத இரட்டைக் குடியுரிமை தாய் வழியாக மட்டும் எப்படி வரும் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

2022 ஆகஸ்ட் 5 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பைப் புரட்டியது. அரசியலமைப்பின் சொல்லை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அல்ல என்பது பெரும்பான்மையின் நிலை. நீதிபதி எஸ். நந்த பாலன் மட்டும் மாறுபட்டார். எனக்குப் பெரும்பான்மைத் தீர்ப்போடு உடன்பாடு இல்லை. என்றாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது என்பேன்: பொறுப்பு யாருடையது என்று அது விரல் நீட்டிக் காட்டியது. அதற்குப் பிறகு அரசியல்வாதிகள் ‘வழக்கு நடக்கிறது, பேசக் கூடாது’ என்று தப்பிப்பது கடினமானது. தாய்மார் கூட்டரசு நீதிமன்றத்தின் கதவைத் தட்டிக்கொண்டே மக்களவைக் கதவையும் தட்டினார்கள்.

இந்த இடத்தில் இலங்கையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1984இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் பிடித்துச் செல்லப்பட்டபோது பெண்கள் அன்னையர் முன்னணி அமைத்துக் கச்சேரிக்கு (மாவட்ட அரசுச் செயலகத்துக்கு) ஊர்வலம் போனார்கள். 1990இல் தெற்கே சிங்களத் தாய்மார் அதே பெயரில் திரண்டார்கள். அதற்கு ஏற்பாடு செய்தவர்கள் சுதந்திரக் கட்சியின் மங்கள சமரவீரவும் மகிந்த ராஜபக்சவும். 1994இல் அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் முன்னணி மெல்லத் தேய்ந்தது. தாயின் கண்ணீர் கட்சிகளுக்குப் பிடித்தமான முதலீடு. லாபம் எடுத்தபின் கணக்கை முடித்துவிடுவார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் சாலையோரத்தில் உட்கார்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் எந்த அரசையும் நம்பாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்ததற்கு இந்தப் பாடமும் ஒரு காரணமாக இருக்கலாம். மலேசியத் தாய்மாரின் துயரத்தை அந்தத் துயரத்தோடு தராசில் வைக்க மாட்டேன். ஆனால் கட்சிகளிடம் எப்படி நடந்துகொள்வது என்பதில் இவர்கள் தெற்கத்தி முன்னணியைவிடத் தெளிவாக இருந்தார்கள். மூன்றாண்டுக்குள் நான்கு பிரதமர்கள் இருந்த நாட்டில், எந்தக் கூட்டணியின் மேடையிலும் ஏறி நின்றிருந்தால் அந்த மேடையோடு சரிந்திருப்பார்கள். ஒவ்வொரு ஆட்சியிடமும் அதே கோப்பை, அதே கோரிக்கையோடு, முதலிலிருந்து நீட்டினார்கள். சலிப்பூட்டும் வேலைதான். பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒரே காரியத்தைத் தினமும் முதலிலிருந்து செய்வது புதிதல்ல.

2022 நவம்பரில் அன்வார் இப்ராகிம் பிரதமரானார். 2023 பிப்ரவரியில் அமைச்சரவை அரசியலமைப்பைத் திருத்த ஒப்புக்கொண்டது. கதை இங்கே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை எழுதத் தேவை இருந்திருக்காது.

உள்துறை அமைச்சர் சைபுடின் நசுத்தியோன் இஸ்மாயில் கொண்டுவந்த திருத்தம் தனியாக வரவில்லை, மூட்டையாக வந்தது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தாய் வழிக் குடியுரிமை என்ற ஒரு நல்ல சரக்கோடு, வேறு பல கட்டுப்பாடுகளும் சேர்ந்து வந்தன. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் நாடற்ற பிள்ளைகளுக்கும் சட்டம் தானாகவே தந்துவந்த குடியுரிமையை எடுப்பது, நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்த குடியுரிமையை நீக்குவது, சிறப்புச் சூழ்நிலையில் பிள்ளைகளுக்குக் குடியுரிமை தரும் 15A பிரிவின் கீழ் விண்ணப்பிக்கும் வயதை 21லிருந்து 18ஆகக் குறைப்பது என்று இப்படி. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கும் மசோதா.

ஒன்றுகூடலின் உண்மையான சோதனை இதுதான் என்று நினைக்கிறேன். ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள், கைக்கு எட்டியதை வாங்கிக்கொண்டு மற்றதைப் பற்றிப் பேசாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஃபேமிலி ஃபிரண்டியர்ஸ், நாடற்றோருக்காக வேலை செய்யும் டிரா மலேசியா போன்ற அமைப்புகள் மலேசியக் குடியுரிமை உரிமைக் கூட்டணி என்று சேர்ந்து, நல்ல திருத்தத்தைத் தனியாகப் பிரித்து நிறைவேற்றுங்கள், மற்றவற்றைக் கைவிடுங்கள் என்று கேட்டன. 2024 மார்ச்சில் கைவிடப்பட்ட குழந்தைகள், நாடற்ற பிள்ளைகள் பற்றிய இரண்டு திருத்தங்களை அரசு விலக்கிக்கொண்டது. நிரந்தரவாசிகளின் பிள்ளைகள் பற்றியதை விலக்கவில்லை.

நமக்கு இருக்கும் தனிக் கணக்கு என்று சொன்னது இதைத்தான். நிரந்தரவாசி என்றால் நம் ஊரில் சிவப்பு ஐசி. 1957 முதல் 1962 வரை மலாயாவில் பிறந்தாலே குடியுரிமை. 1962இல் அந்தக் கதவைப் பாதி சாத்தி, தாய் தகப்பனில் ஒருவராவது குடியுரிமை பெற்றவராகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றார்கள். அந்த ‘நிரந்தரவாசியாகவோ’ வழியாகத்தான் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் நீல ஐசிக்காரர், அதாவது குடிமக்கள், ஆனார்கள். விண்ணப்பிக்கத் தெரியாமல், மலாய்த் தேர்வுக்குப் பயந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல் சிவப்பு ஐசியோடு நின்றுபோன தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் அவர்கள். குடிமக்கள் அல்லாதவருக்கு வேலை அனுமதி வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்து, மறு ஆண்டு மே இனக்கலவரத்துக்குப் பிறகு அது கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். கணவன் சிவப்பு, மனைவி நீலம் என்றிருந்த குடும்பங்கள் துறைமுகத்தில் பிரிந்தன. காகிதத்தால் குடும்பம் உடைவது ஜொகூர்த் தமிழருக்கு 2020இல் புதிதாக வந்த அனுபவம் அல்ல.

இப்போது 17ஆம் பிரிவுக்கு வருவோம். 1982 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்ட தம்பதிகள் தோட்டங்களிலும், தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போனபின் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் ஏராளம். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளை சட்டத்தின் கண்ணில் திருமணத்துக்கு வெளியே பிறந்தது. அதனால் 17ஆம் பிரிவின்படி அது தாயின் நிலையைத்தான் பெறும். தகப்பன் நீல ஐசி வைத்திருந்தும், தாய்க்குப் பத்திரம் இல்லை என்றால் பிள்ளைக்கும் இல்லை. பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை நிலை ‘இன்னும் தீர்மானிக்கப்படவில்லை’ என்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் தொடங்கி வங்கிக் கணக்கு, வாகன உரிமம், சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி என்று ஒவ்வொரு கதவிலும் இடிபடும். வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்க்குத் தன் குடியுரிமையைக் கொடுக்க உரிமை இருக்கவில்லை. குடியுரிமையே இல்லாத இன்னொரு தாயின் இல்லாமை மட்டும் பிள்ளைக்குத் தவறாமல் போய்ச் சேருகிறது.

இந்த இரண்டு தாய்மாரும் ஒரே கைப்பேசிக் குழுவில் இருப்பது அரிது. முதலாமவளுக்குப் படிப்பு உண்டு, ஆங்கிலம் உண்டு, வழக்கறிஞரிடம் பேசும் தைரியம் உண்டு. அவள் கதையைப் பத்திரிகை எழுதும். இரண்டாமவள் குளுவாங்கிலோ கூலாயிலோ துப்புரவு வேலைக்குப் போய்விட்டு, கவுண்டரில் ‘நாளைக்கு வா’ என்றதும் சத்தமில்லாமல் திரும்புவாள். 2011இல் அரசு நடத்திய ‘மைடஃப்தார்’ பதிவு இயக்கத்தின்போது இப்படிப்பட்டவர்கள் வரிசையில் நின்றார்கள். பலருக்கு அதற்குப் பிறகும் பதில் வரவில்லை. தாய்மார் இயக்கத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு என்றால், அதன் முகமாக நெடுங்காலம் முதலாமவளே இருந்தாள் என்பதுதான். கூட்டணி அமைத்தபோது அதைத் திருத்தப் பார்த்தார்கள். அதற்குள் அரசு இந்த இரண்டு தாய்மாரையும் ஒரே மசோதாவில் எதிரெதிரே நிறுத்திவிட்டது. ஒருத்தி வேண்டும் என்று வாக்களிக்கச் சொன்னால், அது இன்னொருத்திக்கு வேண்டாம் என்று ஆகிவிடும்.

2024 அக்டோபர் 17 அன்று மக்களவையில் 206 பேர் ஆதரித்தார்கள், ஒருவர் எதிர்த்தார். டிசம்பரில் மேலவையும் நிறைவேற்றியது. தகப்பன் என்று இருந்த இடங்களில் தாய் தகப்பனில் ஒருவராவது என்று ஆனது. நிரந்தரவாசி என்பது போனது. நிரந்தரவாசிகளின் பிள்ளைகள் இனி விண்ணப்பித்துப் பெறலாம் என்கிறது அரசு. விண்ணப்பித்துப் பெறுவது என்றால் என்ன என்று 3,715க்கு 142 என்ற கணக்கு நமக்கு முன்பே சொல்லியிருக்கிறது. இதனால் பாதிக்கப்படும் குடும்பங்கள் எண்ணிக்கையில் பெரிதாக இராது என்றே ஊகிக்கிறேன். அதனால்தான் அவர்களை விட்டுக்கொடுப்பது எளிதாக இருந்தது.

திருத்தம் பின்னோக்கியும் செல்லாது. நடைமுறைக்கு வந்தபின் பிறக்கும் பிள்ளைகளுக்கே அது பொருந்தும். முன்னால் பிறந்தவர்கள் பழையபடி 15(2) விண்ணப்பத்தோடு வரிசையில்தான் நிற்க வேண்டும். வயது தாண்டியவர்களுக்கு அந்த வரிசையும் இல்லை. ஆறு தாய்மார் வழக்குப் போட்டபோது மடியில் இருந்த பிள்ளைகளின் தலைமுறைதான் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. ஸ்கூடாயிலும் மாசாயிலும் அவர்களின் மாணவர் பாஸ் இந்த ஆண்டும் புதுப்பிக்கப்பட வேண்டும். அந்தத் தாய்மாரின் குழுக்களில் இன்னமும் பாரம் நிரப்புவது எப்படி என்ற கேள்வி வந்துகொண்டிருக்கிறது. முதலில் போராடியவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சிவப்பு ஐசி வீட்டுப் பெண்களும் இனி அதே கேள்வியோடு வருவார்கள். அவர்களுக்கு மலாயிலும் தமிழிலும் பதில் சொல்லக்கூடிய ஆட்கள் அந்தக் குழுக்களில் போதுமான அளவு இல்லை.